ஈறுக்குள் மறைந்திருக்கும் 3 மில்லிமீட்டர்: இம்பிளான்ட் கிரவுனின் வடிவமும் ஈறும்

இம்பிளான்ட் பல் என்றதும் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான். திருகு எலும்பில் நன்றாகப் பிடித்துவிட்டதா? மேலே வைக்கும் கேப்பின் நிறம் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகிறதா? இந்த இரண்டுக்கும் நடுவில் யாரும் கேட்காத ஒரு பகுதி இருக்கிறது. எலும்பு மட்டத்தில் இருக்கும் இம்பிளான்ட்டின் தலையில் தொடங்கி ஈறின் விளிம்பில் முடியும் அதன் உயரம் ஏறத்தாழ 3 மி.மீ. கண்ணாடி முன் நின்று எவ்வளவு வாயைத் திறந்தாலும் அது தெரியாது. ஆனால் ஈறு இறுக்கமாக இளஞ்சிவப்பாக நிற்குமா, பின்வாங்கிப் பல்லை நீளமாகக் காட்டுமா, தொட்டால் ரத்தம் கசியுமா, பல் இடுக்கில் கறுப்பு முக்கோணம் தெரியுமா என்பதில் பெரும்பங்கு அந்த மறைந்த பகுதியின் வடிவத்துக்குத்தான்.

பாகங்களின் பெயரை முதலில் பார்த்துவிடலாம். தாடை எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் திருகு இம்பிளான்ட். அதன் மேல்முகம் பிளாட்ஃபார்ம். வட்டமானது, பெரும்பாலும் 3.5 முதல் 5 மி.மீ. குறுக்களவு கொண்டது. அதன்மேல் ஸ்க்ரூவால் பூட்டப்படும் இடைத்துண்டு அபட்மென்ட். அதற்கும் மேலே பல் வடிவத்தில் உட்காருவது கிரவுன், பேச்சில் கேப். அபட்மென்ட்டும் கிரவுனும் லேபிலேயே ஒட்டப்பட்டு ஒரே துண்டாக வருவதும் உண்டு. எப்படி வந்தாலும், பிளாட்ஃபார்மில் ஒடுக்கமாகத் தொடங்கி, ஈறைக் கடந்து வெளியே வருவதற்குள் பல்லின் அகலத்துக்கு விரிந்தாக வேண்டும். அந்த விரிவு எந்தக் கோட்டில் போகிறது என்பதைத்தான் எமர்ஜென்ஸ் புரொஃபைல் என்கிறார்கள். இங்கே சுருக்கமாக எழுவடிவம் என்று வைத்துக்கொள்வோம்.

இயற்கைப் பல்லைச் சுற்றியுள்ள ஈறு வேறு, இது வேறு

இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி சிமென்டம் என்றொரு மெல்லிய படலம் இருக்கிறது. ஈறிலிருந்து வரும் கொலாஜன் நார்கள் அதற்குள் குத்தி நுழைந்து வேரூன்றியிருக்கும். துணியைப் பலகையில் ஆணி அடித்து நிறுத்தியதுபோல ஈறு பல்லோடு பிணைந்திருக்கிறது. டைட்டானியத்தில் சிமென்டம் கிடையாது. ஆணி அடிக்க இடமில்லை. ஆகவே இம்பிளான்ட்டைச் சுற்றியுள்ள நார்கள் அதற்குள் நுழையாமல், அதன் பரப்புக்கு இணையாகவும் அதைச் சுற்றி வளையமாகவும் ஓடுகின்றன. சட்டைக் கழுத்துப்பட்டி கழுத்தைச் சுற்றி நிற்பதுபோல, ஈறு அபட்மென்ட்டை அணைத்துக்கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான் பிடிமானம்.

ரத்த ஓட்டத்திலும் வித்தியாசம் உண்டு. இயற்கைப் பல்லின் ஈறுக்கு, வேருக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள தசைநார்ப் படலத்திலிருந்தும் ரத்தக் குழாய்கள் வரும். இம்பிளான்ட்டில் அந்தப் படலமே இல்லை. எலும்பின் மேலுறைப் பக்கமாக வரும் குழாய்கள்தான் மிச்சம். அதனால் இந்த ஈறு அழுத்தத்தைத் தாங்குவதிலும் தொற்றை எதிர்ப்பதிலும் கொஞ்சம் பலவீனமானது, தழும்புத் திசுவைப் போன்றது.

இன்னொரு கணக்கு. எலும்பின் விளிம்புக்கு மேலே ஈறு ஒட்டி நிற்க ஒரு குறைந்தபட்ச உயரம் தேவை. இயற்கைப் பல்லில் ஒட்டுச்சவ்வும் நார்த்திசுவும் சேர்ந்து சுமார் 2 மி.மீ.; இம்பிளான்ட்டில் ஈறுப் பிளவையும் (ஈறின் விளிம்புக்கு உட்புறம் ஒட்டாமல் நிற்கும் சிறு பள்ளம்) சேர்த்து 3 முதல் 4 மி.மீ. இந்த உயரம் கிடைக்காவிட்டால் உடம்பு சமரசம் செய்துகொள்ளாது. எலும்பைக் கரைத்தாவது அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். ஈறு 2 மி.மீ.க்கும் குறைவாக மெலிந்துள்ளவர்களுக்கு முதல் வருடத்திலேயே இம்பிளான்ட்டைச் சுற்றி எலும்பு அதிகம் குறைவதற்கு இதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. கிரவுனின் வடிவம் ஈறின் இந்த உயரத்துக்குள் வந்து போட்டி போடக்கூடாது. மற்றதெல்லாம் இந்த விதியின் விரிவுதான்.

வட்டத்தில் தொடங்கி பல்லில் முடிப்பது

மேல் முன்பல்லை ஈறு மட்டத்தில் குறுக்காக வெட்டிப் பார்த்தால் முனை மழுங்கிய முக்கோணம் போலிருக்கும். பக்கவாட்டு அகலம் ஆறரை, ஏழு மி.மீ. கீழ்க் கடைவாய்ப்பல் அதே இடத்தில் ஏறத்தாழ செவ்வகம். அகலம் சுமார் 9 மி.மீ. இம்பிளான்ட்டோ எந்தப் பல்லுக்கு வைத்தாலும் வட்டம். வட்டத்திலிருந்து முக்கோணத்துக்கோ செவ்வகத்துக்கோ போகும் மாற்றம் முழுவதும் ஈறுக்குள் நடந்து முடிய வேண்டும். அதற்குக் கிடைக்கும் உயரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். முன்பல்லில் 4 மி.மீ. இம்பிளான்ட், ஈறு மட்டத்தில் தேவைப்படும் அகலம் 6.5 மி.மீ. பக்கத்துக்கு 1.25 மி.மீ. விரிந்தால் போதும். பிளாட்ஃபார்ம் ஈறு விளிம்புக்கு 3 மி.மீ. ஆழத்தில் இருந்தால், இம்பிளான்ட்டின் நேர்கோட்டிலிருந்து கிரவுன் சாயும் கோணம் சுமார் 23 டிகிரி. மென்மையான சரிவு.

இப்போது கடைவாய்ப்பல். 4.5 மி.மீ. இம்பிளான்ட், தேவைப்படும் அகலம் 9.5 மி.மீ. பக்கத்துக்கு 2.5 மி.மீ. விரிய வேண்டும். ஆழம் 4 மி.மீ. இருந்தால் கோணம் 32 டிகிரி. 3 மி.மீ. என்றால் 40. ஆழம் 2 மி.மீ.தான் என்றால் 51 டிகிரிக்குப் போய்விடும். அதாவது கிரவுன் ஈறுக்குள்ளிருந்து எழவில்லை. காளான் குடைபோல ஈறின்மேல் கவிழ்ந்து உட்காருகிறது. குடையின் அடியில் பிரஷ் போகாது. அங்கே சேரும் பாக்டீரியாப் படலத்தை நோயாளி எவ்வளவு ஒழுங்காகப் பல் தேய்த்தாலும் எடுக்க முடியாது.

இந்தக் கோணத்துக்கு 30 டிகிரி என்றொரு எல்லைக்கோடு இப்போது அடிக்கடி சொல்லப்படுகிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், எலும்பு மட்டத்தில் வைக்கப்பட்ட இம்பிளான்ட்டுகளில், இந்தச் சாய்வுக் கோணம் 30 டிகிரியைத் தாண்டியவற்றில் எலும்பைக் கரைக்கும் அழற்சி கூடுதலாக இருந்தது. கோணத்தோடு வடிவமும் புடைப்பாக இருந்தவற்றில் இன்னும் அதிகம். ஈறு மட்டம்வரை வழவழப்பான கழுத்தோடு வரும் வகை இம்பிளான்ட்டுகளில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஏற்கனவே பொருத்திப் பல வருடமானவற்றை எக்ஸ்ரேயில் அளந்து செய்த ஆய்வு அது; ஆகவே 29 டிகிரி பாதுகாப்பு, 31 டிகிரி ஆபத்து என்று பொருள் கொள்ள வேண்டாம். ஆனால் 50 டிகிரி கிரவுனைத் திருப்பி அனுப்ப எந்த ஆய்வும் தேவையில்லை.

கணக்கிலிருந்து இன்னொன்றும் புரியும். கோணத்தை முடிவு செய்வது லேபில் கிரவுன் செய்பவர் அல்ல. இம்பிளான்ட் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு அகலத்தில், எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பது அறுவை நாளிலேயே முடிந்துபோன விஷயம். லேபுக்கு வருவது மிச்சம் மட்டுமே. எனவே சரியான வரிசை தலைகீழ்: முதலில் கிரவுனை கம்ப்யூட்டரிலோ மெழுகிலோ வடிவமைத்து, அதன் ஈறு விளிம்பு எங்கே வரும் என்று குறித்து, அங்கிருந்து 3, 4 மி.மீ. கீழே இம்பிளான்ட்டின் தலை இருக்குமாறு திட்டமிட வேண்டும். பக்கத்துப் பல்லிலிருந்து குறைந்தது 1.5 மி.மீ., பக்கத்து இம்பிளான்ட்டிலிருந்து 3 மி.மீ. இடைவெளி வேண்டும். முன்பக்கம் 2 மி.மீ. கனத்துக்காவது எலும்பு நிற்க வேண்டும்.

ஆழம் நல்லது என்றதும் ஆறேழு மி.மீ. இறக்கிவிடலாமா என்றால், கூடாது. கிரவுனுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமான பை உருவாகி, ஆக்சிஜன் எட்டாத அந்த இடத்தை அதற்கே உரிய பாக்டீரியாக்கள் பிடித்துக்கொள்ளும்.

மேல் 1 மி.மீ., அதற்குக் கீழே

எழுவடிவத்தை ஒரே துண்டாக நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதை இரண்டு பகுதியாகப் பிரித்துப் பார்க்கும் முறை 2010 வாக்கில் அறிமுகமாகி இன்று பரவலாகப் பயன்படுகிறது. ஈறு விளிம்புக்கு உடனடிக் கீழே உள்ள 1 மி.மீ. அகல வளையம் முக்கிய வளைவு. அதற்கும் கீழே பிளாட்ஃபார்ம் வரை உள்ளது கீழ் வளைவு. இரண்டும் ஈறிடம் வெவ்வேறு வேலை வாங்குகின்றன.

முக்கிய வளைவு ஈறு விளிம்பின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. முன்பக்கம் இந்த வளையத்தைக் கொஞ்சம் புடைக்க வைத்தால் ஈறு பின்னுக்குத் தள்ளப்பட்டு, பல் நீளமாகத் தெரியும். புடைப்பைக் குறைத்துத் தட்டையாக்கினால் ஈறு கடிமுனைப் பக்கம் மெல்ல நகர்ந்து வந்து பல் குட்டையாகும். பக்கத்துப் பல்லின் ஈறு விளிம்பைவிட இம்பிளான்ட்டின் விளிம்பு அரை மி.மீ. கடிமுனைப் பக்கம் இருக்கிறதென்றால், கத்தி எடுக்க வேண்டியதில்லை. தற்காலிக கிரவுனில் இந்த வளையத்தில் கொஞ்சம் பொருள் சேர்த்தால் போதும். ஈறு விளிம்பின் உச்சி முன்பல்லில் நடுவிலிருந்து சற்றே கடைவாய்ப் பக்கம் விலகியிருக்கும் அல்லவா? அந்த உச்சி எங்கே விழ வேண்டும் என்பதும் இந்த வளையத்தில் எந்த இடம் அதிகம் புடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்ததுதான்.

கீழ் வளைவின் வேலை வேறு: ஈறின் கனத்துக்கு இடம் விடுவது. முன்பக்கம் இதைக் குழிவாகச் செய்தால் அந்தக் குழிக்குள் ஈறு தடித்து வளரும். அதுவே கழுத்துப்பட்டி, அது தடிமனாக இருந்தால் விளிம்பு நிலையாக நிற்கும், அடியில் இருக்கும் டைட்டானியத்தின் சாம்பல் நிழலும் வெளியே தெரியாது. ஈறு 2 மி.மீ.க்கு மேல் கனமாக இல்லாதபோது உலோக நிழல் கண்ணுக்குத் தெரியும் வாய்ப்பு அதிகம், 3 மி.மீ. கனம் இருந்தால் எந்தப் பொருள் அடியில் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது.

பிளாட்ஃபார்மை ஒட்டிய கடைசி 1 மி.மீ. மெலிந்தே இருக்க வேண்டும், நேராகவோ கொஞ்சம் குழிவாகவோ. இங்கேயே அகலமாகத் தொடங்கும் அபட்மென்ட் எலும்பின்மேல் உட்கார்ந்து, திசுவுக்கு இடமில்லாமல் செய்துவிடும். இம்பிளான்ட்டின் தலையைவிடச் சிறிய குறுக்களவுள்ள அபட்மென்ட்டை வைக்கும் பழக்கம் இதே தர்க்கத்தில் வந்ததுதான். உள்ளே ஒதுங்கிய அந்தப் படிக்கட்டில் ஈறுக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. எலும்பிலிருந்து இணைப்பின் இடுக்கும் தள்ளிப்போகிறது. இரண்டு துண்டை ஒட்டிச் செய்யும் கிரவுன்களில் டைட்டானியம் பேஸின் (கிரவுனை ஒட்டும் உலோக அடித்துண்டு) கழுத்து உயரத்தையும் கவனிக்க வேண்டும். அரை மி.மீ. கழுத்துள்ள பேஸை எடுத்தால் எலும்புக்கு அரை மி.மீ. மேலேயே ஜிர்கோனியா (கிரவுன் செய்யும் வெள்ளைப் பீங்கான் வகை) விரியத் தொடங்கிவிடும், ஒட்டிய கோடும் அங்கேயே நிற்கும். ஆழம் இருக்குமானால் ஒன்றரை, இரண்டு மி.மீ. கழுத்துள்ளதைக் கேட்பது நல்லது. கையிருப்பில் உள்ளதை மாட்டி அனுப்பும் பழக்கத்தால் கெடும் கிரவுன்கள் கொஞ்சமல்ல.

மொத்தத்தில் முன்பல்லின் எழுவடிவத்தைப் பக்கவாட்டில் பார்த்தால், கீழே மெலிந்து, நடுவில் உள்வாங்கி, விளிம்பருகே மெல்லப் புடைக்கும் எஸ் வளைவாக இருக்கும். இம்பிளான்ட் உதட்டுப் பக்கம் சாய்ந்தோ தள்ளியோ வைக்கப்பட்டிருந்தால் இந்த வளைவுக்கு இடமே இருக்காது. முன்பக்கத்தை முடிந்தவரை தட்டையாகச் செய்து ஈறைக் காப்பாற்றப் பார்க்கலாம்; அபட்மென்ட்டின் சுவரை ஓரளவுக்கு மேல் மெலிக்கவும் முடியாது. இடம் தவறிய இம்பிளான்ட்டை வடிவம் முழுதாகக் காப்பாற்றாது.

பல் இடுக்கில் நிற்கும் ஈறு முக்கோணம்

இரண்டு பல்லுக்கு நடுவே முக்கோணமாக ஏறி நிற்கும் ஈறு, தானாக நிற்பதில்லை. அடியில் இருக்கும் எலும்பு அதைத் தாங்குகிறது. பக்கங்களில் பல்லின் சுவர் அதை ஒடுக்கி உயர்த்துகிறது. இயற்கைப் பற்களில் 1992-ல் செய்த பழைய அளவெடுப்பு இன்றும் வழிகாட்டி: இரு பற்கள் தொட்டுக்கொள்ளும் புள்ளியிலிருந்து எலும்பு விளிம்பு வரை 5 மி.மீ. அல்லது குறைவாக இருந்தால் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் இடுக்கு நிரம்பியிருந்தது. 6 மி.மீ. ஆனதும் பாதிக்குச் சற்று மேல், 7 மி.மீ.ல் கால்வாசி இடங்களில்தான்.

ஓர் இம்பிளான்ட்டும் ஒரு பல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், முக்கோணத்தின் உயரத்தை முடிவு செய்வது பல்லின் பக்கத்து எலும்பு. அது நன்றாக இருந்தால் பயமில்லை. இரண்டு இம்பிளான்ட்டுகள் அடுத்தடுத்து இருந்தால் கதை வேறு. எலும்பின்மேல் சராசரியாக 3.4 மி.மீ. ஈறுதான் கிடைக்கும். இயற்கையாக இருந்த 4.5, 5 மி.மீ. உயரத்தை எந்த வடிவமும் திரும்பக் கொண்டுவராது. பக்கத்துப் பக்கத்துப் பல் இரண்டு போனால், இடத்தைப் பொறுத்து ஒரே இம்பிளான்ட்டில் பக்கவாட்டில் தொங்கும் பல்லையும் சேர்த்துச் செய்வதைப் பல மருத்துவர்கள் விரும்புவது இதனால்தான்.

இங்கே வடிவம் இரண்டு வகையில் உதவும். கீழ் வளைவின் பக்கவாட்டைக் கொஞ்சம் புடைக்க வைத்தால், இடுக்கில் உள்ள ஈறு ஒடுங்கி அரை மி.மீ., சில வேளை 1 மி.மீ. உயரும். தொடுபுள்ளியை ஈறுப் பக்கமாக நீட்டி, புள்ளியாக இல்லாமல் கோடாகச் செய்தால் நிரப்ப வேண்டிய இடமே குறைந்துவிடும். இதில் பேராசைப்பட்டு இடுக்கை இறுக்கி அடைத்தால் இடுக்குப் பிரஷ் நுழையாது. முதல் ஆறு மாதம் படத்தில் அழகாக இருக்கும் ஈறு பிறகு வீங்கி, ரத்தம் கசியும். கொஞ்சம் கறுப்பு முக்கோணமும் பிரஷ் போகும் வழியுமா, அடைத்த இடுக்கா என்றால், கடைவாயில் கண்ணை மூடிக்கொண்டு வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

தற்காலிக கிரவுன்: ஈறுக்கு அச்சு

அறுவைக்குப் பின், ஈறு ஆறும்வரை இம்பிளான்ட்டின்மேல் போடும் மூடியான ஹீலிங் கேப் கடையில் வரும்போதே வட்டம். அதைச் சுற்றி ஆறிய ஈறும் வட்டக் குழாயாகத்தான் இருக்கும். அதற்குள் முக்கோணக் கழுத்துள்ள நிரந்தர கிரவுனை நேராகத் திணித்தால் ஈறு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்பல்லில் தற்காலிக கிரவுனை வைத்து ஈறை முதலில் வடிவுக்குக் கொண்டுவருவது இதற்காக.

வேலை இப்படிப் போகும். இம்பிளான்ட் எலும்போடு சேர்ந்தபின், ஸ்க்ரூவால் பூட்டும் தற்காலிக கிரவுனை வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் மெலிதாகவே செய்கிறார்கள். வாயில் வைத்து மெதுவாக முடுக்கும்போது ஈறு வெளுக்கும். அழுத்தத்தில் ரத்தம் ஒதுங்குவதால் வரும் வெளுப்பு அது. அங்கேதான் நின்று பார்க்க வேண்டும். முதல் நிமிடத்தில் விளிம்பைச் சுற்றி ஓர் வெள்ளைப் பட்டை தெரியும். பிறகு அதன் வெளி ஓரம் மெல்ல இளஞ்சிவப்பாகி, பட்டை ஒடுங்கிக்கொண்டே வந்து, 10, 15 நிமிடத்துக்குள் மறைய வேண்டும். மறையாமல் வெண்மையாகவே நின்றால் கழற்றி, அந்த இடத்தில் தேய்த்துக் குறைக்க வேண்டும். விட்டுவிட்டால் அந்தத் துண்டு ஈறு செத்து உதிரும். பின்வாங்கிய விளிம்பு திரும்பி வருவது கடினம்.

ஓரிரு வாரம் கழித்து மறுபடி கழற்றி, தேவைப்படும் இடத்தில் மட்டும் நீர்த்த காம்போசிட்டை (பல் அடைக்கும் பிசின்) அரை மி.மீ. அளவில் சேர்த்து, ஒளியில் இறுக்கி, பளபளப்பாக மெருகேற்றி, கழுவித் திரும்ப வைக்கிறார்கள். வெளுப்பு, காத்திருப்பு, மறைதல் எல்லாம் மறுபடியும். இதை ஐந்தாறு முறை செய்யும் ஆர்வம் வேண்டாம். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஈறின் மெல்லிய ஒட்டு கிழிகிறது. விலங்குகளில் செய்த சோதனையில், அபட்மென்ட்டை ஐந்து முறை கழற்றி மாட்டியதற்கே ஒட்டு கீழிறங்கி, எலும்பும் குறைந்தது. இரண்டு மூன்று சுற்றில் முடிப்பவரே கைதேர்ந்தவர். கடைசி மாற்றத்துக்குப் பின் குறைந்தது இரண்டு மூன்று மாதம் ஈறு அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிரந்தர கிரவுனுக்கு அளவெடுக்க வேண்டும்.

பல்லைப் பிடுங்கிய அன்றே இம்பிளான்ட் வைப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பிடுங்கிய குழியின் ஈறு வடிவம் அப்போது இன்னும் கலையவில்லை. அதே வடிவத்தில் ஒரு ஹீலிங் அபட்மென்ட்டை நாற்காலியிலேயே செய்து வைத்தால் அந்த வடிவத்தை அப்படியே காக்கலாம். இழந்த வடிவத்தைத் திரும்ப உருவாக்குவதைவிட இது எளிது. கடைவாயிலும் இது நன்றாக வேலை செய்யும்.

உழைத்து உருவாக்கிய வடிவம் லேபுக்குப் போகும் வழி

பல மாதம் பார்த்துச் செய்த ஈறு வடிவம் ஐந்து நிமிடத்தில் வீணாகும் இடம் இதுதான். தற்காலிக கிரவுனைக் கழற்றியதும் தாங்கலில்லாத ஈறு உள்ளே சரியத் தொடங்கிவிடும். இம்பிளான்ட்டின் இடத்தை அச்சில் பதிக்கக் கடையில் வரும் வட்டத் துண்டை, அதாவது அளவுத் தாங்கியை, மாட்டி அச்செடுத்தால் லேபுக்குப் போவது சரிந்த ஈறின் படம். அவர்களும் அதற்கு ஏற்ப மெலிந்த கழுத்தோடு கிரவுன் செய்து அனுப்புவார்கள். வாயில் வைத்தால் ஈறு மறுபடி பழைய இடத்துக்குப் போகும்.

தீர்வு எளிமையானது. கழற்றிய தற்காலிக கிரவுனை, வாயில் உள்ள இம்பிளான்ட்டைப் போலவே இருக்கும் ஒரு மாதிரித் துண்டில் மாட்டி, அதை ஒரு சிறு கிண்ணத்தில் கடிப்பதிவு சிலிக்கானுக்குள் கிரவுனின் கழுத்து மறையும்வரை அமுக்க வேண்டும். முன்பக்கம் எது என்று சிலிக்கானில் பேனாவால் ஒரு கோடு. சிலிக்கான் இறுகியதும் கிரவுனைக் கழற்றினால், உள்ளே எழுவடிவத்தின் எதிர் அச்சு அப்படியே நிற்கும். அளவுத் தாங்கியை அதில் மாட்டி, சுற்றிலும் உள்ள இடைவெளியை ரெசினாலோ காம்போசிட்டாலோ நிரப்பி இறுக்கினால், ஈறின் வடிவத்திலேயே ஒரு தாங்கி தயார். இதற்குள் தற்காலிக கிரவுன் திரும்ப வாயில் இருக்க வேண்டும். ஈறைக் காத்திருக்க வைக்கக்கூடாது. ஸ்கேனரில் வேலை செய்பவர்கள், கிரவுன் வாயில் இருக்கும்போது ஒரு ஸ்கேன், கழற்றிய உடனே ஒன்று, கையில் பிடித்தபடி கிரவுனின் அடிப்பகுதியைச் சுற்றி ஒன்று என்று எடுத்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள்.

பரப்பும் சிமென்ட்டும்

வடிவம் சரியாக இருந்தும் ஈறு சிவந்திருந்தால் பரப்பைப் பாருங்கள். ஈறுக்குள் இருக்கும் பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்ரானுக்கு மேல் போனால் பாக்டீரியாப் படலம் எளிதில் பிடிக்கும். மெருகேற்றிய ஜிர்கோனியாவும் டைட்டானியமும் ஈறுக்கு ஒத்துப்போகின்றன. கிளேஸ் பூசிய பீங்கான் விளிம்புக்கு மேலே அழகு, ஈறுக்குள்ளே வேண்டாம். அந்தப் பகுதி வெறும் மெருகேற்றிய ஜிர்கோனியாவாக வர வேண்டும் என்று லேபுக்கான சீட்டிலேயே எழுதிவிடுவது நல்லது.

சிமென்ட்டால் ஒட்டும் கிரவுனில், ஒட்டும்போது பிதுங்கும் சிமென்ட் எங்கே போகிறது என்பதுதான் கவலை. இயற்கைப் பல்லில் குத்தி நிற்கும் நார்கள் தடுப்பணை. இங்கே அணை கிடையாது, சிமென்ட் நேராக எலும்புவரை இறங்கும். புடைத்த கிரவுனாக இருந்தால் அதைக் கருவியால் எட்டக்கூட முடியாது. 2009-ல் வந்த ஓர் ஆய்வில், அழற்சி இருந்த இம்பிளான்ட்டுகளில் சுமார் ஐந்தில் நான்கில் சிமென்ட் துணுக்கு இருந்தது. எடுத்தபின் அவற்றில் ஏறத்தாழ முக்கால்வாசி ஆறிவிட்டன. கிரவுனும் அபட்மென்ட்டும் சேரும் கோடு ஈறு விளிம்புக்கு 1 மி.மீ.க்கு மேல் ஆழத்தில் போகக்கூடாது. அதைவிட ஆழமென்றால் ஸ்க்ரூவால் பூட்டும் கிரவுன்தான் சரி.

தவறினால் எப்படித் தெரியும்

பொருத்தும் நாளிலேயே தெரியும் ஒன்று: ஸ்க்ரூ இறுகிவிட்டதாகக் கைக்குத் தோன்றும், ஆனால் எக்ஸ்ரேயில் இம்பிளான்ட்டுக்கும் அபட்மென்ட்டுக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு. ஆழமாக வைத்த இம்பிளான்ட்டில், சீக்கிரமாகவே விரியும் அபட்மென்ட் பக்கத்து எலும்பில் முட்டி நிற்பது இதற்கு ஒரு காரணம். இன்னும் முடுக்கினால் சரியாகாது. கீழ் வளைவைத் தேய்த்து மெலிக்க வேண்டும், அல்லது எலும்பின் விளிம்பைச் சீர்செய்ய வேண்டும். எக்ஸ்ரே நேராக விழுந்திருக்கிறதா என்பதற்கு அடையாளம், இம்பிளான்ட்டின் மரைகள் இரு பக்கமும் பிசிறின்றித் தெரிவது. மரைகள் மங்கலாக இருந்தால் கோடு இருந்தாலும் மறைந்துவிடும். மறுபடி எடுக்கச் சொல்லலாம்.

வருடங்கள் கழித்துத் தெரிபவை: பல் தேய்க்கும்போது ஒரே இடத்தில் ரத்தம், இடுக்கில் சோறு மாட்டுவது, அழுத்தினால் சீழ், பல் நீண்டுகொண்டே போவது. இடுக்கில் உணவு மாட்டினால் எழுவடிவத்தை மட்டும் குறைசொல்ல வேண்டாம். இயற்கைப் பற்கள் வயதோடு மெல்ல நகரும், இம்பிளான்ட் நகராது. ஒரு காலத்தில் இறுக்கமாக இருந்த தொடுபுள்ளி, பெரும்பாலும் முன்பற்கள் இருக்கும் பக்கத்து இடுக்கில், திறந்துகொள்ளும்.

பற்கள் வெளிப்பக்கம் புடைத்திருந்தால்தான் உணவு ஈறில் படாமல் வழுக்கிப் போகும் என்று ஒரு காலத்தில் கற்பித்தார்கள். இயற்கைப் பல்லிலேயே அது நிற்கவில்லை. புடைப்பின் கீழே அழுக்கு சேர்வதுதான் நடந்தது. ஆனாலும் அந்தப் பழக்கம் கடைவாய் கிரவுன்களில் இன்னும் தொடர்கிறது. எலும்பு மெலிந்த இடத்தில் இம்பிளான்ட்டை நாக்குப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, கன்னப் பக்கம் பல்வரிசையை எட்டுவதற்காக ஈறின்மேல் ஏறி மூடும் கிரவுன் செய்வது அதைவிட மோசம். அந்த மூடியின் அடிப்பகுதி எந்த பிரஷுக்கும் எட்டாது.

இத்தகைய கிரவுனுக்குள் நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே தொல்லை. ஈறுப் பையை அளக்கும் புரோப் இம்பிளான்ட்டின் போக்கில் நேராக இறங்க வேண்டும், கால் நியூட்டனைத் தாண்டாத மெல்லிய அழுத்தத்தில். குடை விரித்த கிரவுன் அதை வழியிலேயே தடுத்துவிடும். 7 மி.மீ. பையில் 3 மி.மீ. என்று அளவு வரும், எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். சந்தேகம் இருந்தால் கிரவுனைக் கழற்றித்தான் அளக்க வேண்டும். ஸ்க்ரூ வகைக்கு அது பத்து நிமிட வேலை. கழற்றியதை லேபுக்கு அனுப்பி, புடைப்பைத் தேய்த்துக் குழிவாக்கி, மெருகேற்றித் திரும்ப மாட்டவும் முடியும். அழற்சி ஈறோடு நின்றிருந்தால் இந்த ஒரு திருத்தமும் நல்ல சுத்தமும் சேர்ந்து சில வாரத்தில் ரத்தக்கசிவை நிறுத்திவிடுவதுண்டு. எலும்பு ஏற்கனவே கரைந்திருந்தால் வடிவத் திருத்தம் சிகிச்சையின் முதல் படி மட்டுமே.

புது கிரவுன் வைத்த அன்று நாற்காலியை விட்டு எழுமுன் செய்துபார்க்க வேண்டியது ஒன்று. இடுக்குப் பிரஷை நோயாளியே கையில் வாங்கி, கண்ணாடியைப் பார்த்தபடி, கிரவுனின் இரு பக்கமும் நுழைத்து எடுக்கட்டும். பிரஷின் கம்பி வளையாமல், முடிகள் இரு சுவரையும் உரசிக்கொண்டு மறுபக்கம் வர வேண்டும். தளர்வாகப் போனால் அடுத்த பெரிய அளவு. நுழையவே இல்லையென்றால் சின்ன பிரஷைத் தேடுவதற்கு முன், ஸ்க்ரூவின் வாயை அடைத்து மூடுவதற்கும் முன், கிரவுனைக் கழற்றி அந்தப் பக்கத்தைத் தேய்க்கச் சொல்லுங்கள்.